காப்பிச் சந்தையின் சுவரில் ஒரு துறைமுகம்

பிரேசிலின் சாந்தோஸ் நகரில், பழைய வணிகப் பகுதியின் தெருவொன்றில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிறது காப்பிச் சந்தைக் கட்டடம். நாடு விடுதலை பெற்றதன் நூற்றாண்டு நாளான 1922 செப்டம்பர் 7 அன்று திறக்கப்பட்டது. இன்று அது காப்பி அருங்காட்சியகம்.

உள்ளே நுழைந்ததும் நேராக வர்த்தக அரங்கத்துக்குப் போனேன். பளிங்குத் தரையைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடு மிக்க மர நாற்காலிகள். தரகர்கள் இங்கே உட்கார்ந்துதான் காப்பிக்கு விலை பேசினார்கள். நாற்காலிகளுக்கு மேலே, சுவரை நிறைத்தபடி பெனடிட்டோ கலிஸ்ட்டோவின் மூன்று ஓவியங்கள்.

நடுவில் 1545: சாந்தோஸ் ஊர் என்ற தகுதியைப் பெறும் விழா. ஒருபுறம் 1822இன் துறைமுகம். மறுபுறம் 1922இன் துறைமுகம். நான் அதிக நேரம் நின்றது இந்த இரண்டின் முன்னால்தான். முதலாவதில் குன்றுகளின் அடியில் ஒடுங்கிய சிற்றூர். இரண்டாவதில் கடலோரம் முழுக்க நகரம். 1867இல் மலைத்தொடரிலிருந்து இறங்கிவந்த ரயிலும், 1892இல் முதல் 260 மீட்டர் திறக்கப்பட்ட கப்பல்துறையும் இடையில் செய்த வேலை அது. காப்பி ஓர் ஊரை என்ன செய்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பக்கம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கலிஸ்ட்டோ இதே கடற்கரைக்காரர். 1853இல் இட்டான்யாயெம் ஊரில் பிறந்தவர். முறையான பயிற்சி இல்லாமலே வரையத் தொடங்கினார். சாந்தோஸின் குவாரனி நாடக அரங்குக்கு அவர் செய்த வேலை பெரியவர்களின் கண்ணில் பட்டது. அவர்களின் உதவியால் 1883இல் பாரிஸ் சென்று படித்தார். திரும்பும்போது புகைப்படக் கருவியையும் கொண்டுவந்தார். படம் எடுத்து, பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அதன் பிறகே தூரிகையைத் தொடுவது அவர் வழக்கமாயிற்று.

அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை. அதுவும் அவர் வரைந்து கொடுத்ததே. உள்நாட்டுக்குள் பொன் தேடிப் புகுந்த பண்டேராந்த்திகள் அதில் காவிய நாயகர்களாக ஒளிர்கிறார்கள். அந்தப் படையெடுப்புகளில் பழங்குடி மக்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1903இல் வேறோர் ஓவியத்தில் அவர் கம்பீரமாகத் தீட்டிய பண்டேராந்த்தி டொமிங்கோஸ் ஜோர்ஜே வெல்யோ, தப்பி வந்த அடிமைகள் வாழ்ந்த பல்மாரெஸை அழித்த படைக்குத் தலைமை தாங்கியவன். இந்தப் பெருமிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதை வரையச் சொன்னவர்களுக்குத் தங்கள் சாவோ பாவ்லோ மாநிலத்துக்கு வீரப் பரம்பரை ஒன்று தேவைப்பட்டது. கலிஸ்ட்டோ அதைக் கொடுத்தார்.

ஆனால் அவரது நிலக்காட்சிகளில் இந்தக் குறை இல்லை. சாவோ பாவ்லோ நகரில் டமாண்டுவாதெயி ஆறு கரை மீறியதை 1892இல் வரைந்தார். 4 மீட்டர் நீளத் துணியில் நீருக்கு நடுவே நகரம் விரிகிறது. அங்கே வீரன் யாரும் இல்லை. வெள்ளம், கூரைகள், வானம், நாள்தோறும் புழங்கிய தெருக்கள் மட்டுமே. அந்த நகரம் பின்னர் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. இன்றைய ஆய்வாளர்களுக்கு அந்த ஓவியம் ஒரு சாட்சி.

வரலாற்று ஓவியர் என்று அவரைப் புகழ்வோர் பெரும்பாலும் விழாக்களையும் தளபதிகளையும் காட்டுகிறார்கள். என் கண்ணுக்கு அவரது உண்மையான வரலாறு, யாரும் நாயகராக நிற்காத படங்களில்தான் இருக்கிறது. சாந்தோஸ் போகிறவர்கள் நடு ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இருபுறமும் உள்ள துறைமுகங்களுக்கு நேரம் கொடுங்கள்.