முறுக்கு இல்லாத மாருதி!

கோயமுத்தூரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு வேகம் ஒரு பிரச்னையே இல்லை சார். கிளம்புவதுதான் பிரச்னை. அவிநாசி ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தாலும் வைத்தார்கள்... நின்று, எட்டிப் பார்த்து, இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் டபக்கென்று நுழைந்தால்தான் ஆச்சு. அந்த ரெண்டு செகண்டில் வண்டி கை கொடுக்கவில்லை என்றால், 2025-ல் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலத்தின் தூண்களை எண்ணிக்கொண்டு கீழேயே நிற்க வேண்டியதுதான்.

என் சித்தப்பா பையனுடைய மாருதி 800, கை கொடுக்காத ரகம். 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. எஃப்.சி. எல்லாம் முறையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறான். வாங்கும்போது பிறந்த மேனியாகத்தான் இருந்தது. இவன் கைக்கு வந்த ஆறே மாசத்தில் அதற்குக் காதுகுத்து, சீர், கல்யாணம் எல்லாம் நடத்தி முடித்துவிட்டான். அகலமான டயர்களோடு 13 இஞ்ச் அலாய் வீல், பின்னால் கைமுட்டி நுழைகிற சைலன்சர், பானெட்டுக்குள் கூம்பு மாதிரி சிவப்பு ஏர் ஃபில்டர், டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டி. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதை எடுத்துச் சொன்னேன். "சுப்ரீம் கோர்ட்டு டெல்லியில இருக்குதுங்ணா" என்றான்.

ஸ்டார்ட் செய்தால் சூலூரில் தேஜஸ் விமானம் கிளம்புகிற சத்தம். நகர்ந்தால் மருதமலைப் படியேறுகிற பாட்டியின் வேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீளமேடு பக்கம் யூ-டர்ன். பின்சீட்டில் சித்தி, முன்சீட்டில் நான். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி 'ம்ம்ம்...' என்று யோசித்தது. எதிரே வந்த திருப்பூர் பஸ் யோசிக்கிற ஜாதி இல்லை. டிரைவர் அடித்த பிரேக்கில் பஸ் ஒரு குலுங்கு குலுங்கி, எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரம் வந்ததும் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினான். பானெட்டைக்கூடத் திறக்காமல், "என்ஜின் வேலைங்க. ரீ-போர் பண்ணி பிஸ்டன் மாத்தோணும்" என்றார்களாம். கேட்ட தொகை, பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கென்று இவன் கட்டிக்கொண்டிருந்த சீட்டுப் பணத்துக்குக் கிட்டத்தட்ட சமம். தள்ளிச் சீட்டெடுக்கக் கிளம்பினவனை மடக்கி, கணபதியில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மனிதர் அந்தக் காலத்தில் சோழவரம் ரேஸுக்கெல்லாம் ஸ்பானரோடு போய்வந்தவர்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஓடறப்ப நல்லா ஓடுதுங்களா? கிளம்பறப்ப மட்டும் மக்கர் பண்ணுதுங்களா?"

"கிளம்பறப்ப மட்டுந்தானுங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க தம்பி எஞ்சினைப் பிரிக்கோணும்? கம்ப்ரஷன் போயிருந்தா காத்தால ஸ்டார்ட் ஆகவே அழுகும். புகை தள்ளும். எம்பதுல போனாலும் இழுக்காது. சித்தெ இருங்க."

சொன்னதோடு விடாமல் கேஜ் வைத்தும் பார்த்தார். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. ரீ-போர் அங்கேயே செத்தது.

அடுத்து கிளட்ச். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, நாலாவது கியரைப் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட்டார். என்ஜின் பொட்டென்று அணைந்தது. அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால்தான் வழுக்குகிறது. பிறகு நியூட்ரலில் போட்டு, சமதளத்தில் என்னைத் தள்ளச் சொன்னார். (பி.காம். படித்தவனுக்குக் கொடுக்கக்கூடிய வேலைதான்.) சுலபமாக உருண்டது. ஆக, பிரேக்கும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

என்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தார். "ஆக்ஸிலேட்டர் வயரை இழுங்க" என்றார். தம்பி இழுத்தான். எட்டிப் பார்த்த எனக்கு ரெண்டு சொட்டு பெட்ரோல் வடிவது தெரிந்தது.

"பீச்சோணுங்க. ஒழுகக் கூடாது."

விஷயம் இதுதான். நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் காற்று லேசானது, சட்டென்று உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, ஒரு நொடி பின்தங்கும். அந்த ஒரு நொடிப் பசிக்காகவே கார்புரேட்டரில் ஒரு குட்டி பம்ப் இருக்கிறது. மிதித்தவுடன் ஒரு பீச்சு பீச்சும். அதற்குள் இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருந்தது. அதனால்தான் வண்டி பஸ்ஸுக்கு முன்னால் நின்று யோசித்திருக்கிறது! புது டயாஃப்ரம், வாஷர்களோடு வாங்க, ஒரு குடும்பம் ஹோட்டலில் டிபன் சாப்பிடுகிற காசு ஆனது.

"பாதி வியாதி இது. மீதி நீங்க காசு குடுத்து வாங்குனது" என்று வீலைக் காட்டினார்.

இந்த இடத்தில்தான் என் பி.காம். விழித்துக்கொண்டது. கம்பெனி கொடுத்த டயர் 145/70 ஆர்12. கணக்குப் போட்டால் உயரம் 508 மில்லிமீட்டர். தம்பி போட்டிருந்தது 165/65 ஆர்13. அதன் உயரம் 545. சக்கரம் 7 சதவீதம் பெரிசு. சக்கரம் பெரிசானால் தரையில் விழுகிற இழுவை அதே அளவுக்குக் குறையும். அந்த என்ஜினின் மொத்த முறுக்குவிசையே 60 நியூட்டன் மீட்டரைத் தொடாது. நாலு முறுக்கு வைத்திருக்கிற வீட்டில் விருந்தாளி ஒன்றைப் பிடுங்கித் தின்ற மாதிரி. ஸ்பீடாமீட்டர் முள் 60 காட்டும்போது நிஜத்தில் 64 போகும் என்றும் சொன்னேன். "அப்ப நான் நெனச்சதைவிட வேகமாத்தான் போறேன்!" என்று அதற்கும் சந்தோஷப்பட்டான்.

கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றைக் குடிக்கிறது. சூடான காற்றில் சத்து கம்மி. அகலச் சைலன்சரோ வண்டி பறக்கும்போது உதவலாம். மெதுவாகச் சுற்றும்போது புகையின் ஓட்டத்தை மந்தமாக்கிவிடும். டபுள் என்ட்ரி மாதிரி... டாப் ஸ்பீடில் ஒரு வரவு எழுதினால், கிளம்புகிற பக்கம் ஒரு பற்று எழுதியாக வேண்டும். இதில் வரவைச் செலவழிக்க அவிநாசி ரோட்டில் இடமே கிடையாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் ஊர் கரிவர்தனை ரேஸ் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இதே மாருதி 800 என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தவர். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த ரகக் கார்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்கு அவர் பெயர்தான். அந்தக் காரில் கூரை கிடையாது, கதவு கிடையாது, பின்சீட்டு கிடையாது. முறுக்கு கொஞ்சமாக இருந்தால் சுமையைக் குறை... அவ்வளவுதான் சூட்சுமம்.

"கரி சார் வண்டியில ஸ்பீக்கர் பொட்டி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் மெக்கானிக். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலத்துக்குள் டயாஃப்ரம் மாறியது. பழைய 12 இஞ்ச் வீலும் கம்பெனி ஃபில்டர் டப்பாவும் திரும்பி வந்தன. இக்னிஷன் டைமிங்கையும் சரிசெய்தார். சைலன்சரைக் கழற்றும்போது மட்டும் தம்பி வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். வடகோவை மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பினோம். பின்னால் ஒரு லாரி மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச்சை விட்டு மிதித்தான். வண்டி யோசிக்கவே இல்லை!

சீட்டுப் பணம் ஸ்கூலுக்கே போனது. சித்தி இப்போது ஏறுகிறார். யூ-டர்ன் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்கிறார். அலாய் வீல் நாலும் சித்தப்பாவின் தோட்டத்து மோட்டார் ரூமில் அடுக்கி இருக்கின்றன. மேல் வீலில் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிளப்பத்தான் இப்போது யாராலும் முடியவில்லை.