சக்கரக் கட்டை

விமானத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதை ஓட்டியவர்கள், அல்லது அதில் ஏறிப் போனவர்கள். செந்த் எக்சுபெரி தபால் விமானம் ஓட்டினார். 1931-இல் வந்த அவருடைய இரவுப் பறத்தல் நாவலில் தரையிலேயே நிற்கும் ரிவியேர் என்றொரு மனிதர் உண்டு. ஆனால் அவரும் உத்தரவிடுகிற அதிகாரிதான். கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியே 1923-இல் எழுதிய நூலில், பார்க்கத் தெரியாத கண்களுக்குப் பாடம் சொல்ல விமானத்தைக் காட்டினார். 1935-இல் விமானப் படங்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். நவீனத்துவம் விமானத்தில் கண்டது சுத்தமான உருவத்தை. அலங்காரம் இல்லை, கண்ணீர் இல்லை, ஆளும் இல்லை. மூட்டை ஏற்றியவன் விமானத்தைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. இது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியது புத்தகங்களால் அல்ல. கடந்த இரண்டு வருஷமாக அருப்புக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பழைய விமான நிலையப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால்.

எங்கள் பக்கத்துக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கரிசலும் சீமைக்கருவேலும் கரிமூட்டப் புகையும் உள்ள பூமி இது. இங்கே ஊரைவிட்டுப் போவதும் ஒரு பிழைப்பு. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1896-இல் மதுரையிலிருந்து ரயிலேறித் திருவண்ணாமலை போய் ரமணர் ஆனார். மற்றவர்கள் வயிற்றுக்காகப் போனார்கள். விருதுநகர்க் காமராஜரின் பெயர் சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே, மீனம்பாக்கத்தில் நம் பக்கத்து ஆட்கள் சுமை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வானத்திலிருந்தும் இந்த வறண்ட சீமை கவனிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கயத்தாற்றிலும் செட்டிநாட்டிலும் ஓடுதளம் போட்டார்கள். மதுரை விமான தளத்தை 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை உபயோகித்தது. போர் முடிந்ததும் கயத்தாறும் செட்டிநாடும் கைவிடப்பட்டன. மதுரை மிஞ்சியது. அது எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

பெரியவரை எனக்கு அறிமுகப்படுத்தியது வங்கிக் கவுண்டர். பென்ஷன் வாங்குகிறவர்கள் தாம் உயிரோடிருப்பதை வருஷத்துக்கொரு முறை நிரூபிக்க வேண்டும். விரலை இயந்திரத்தில் வைத்தால் போதும். அவர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றையும் இயந்திரம் ஏற்கவில்லை. ரேகை தேய்ந்திருந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஏரோப்ளேன்ல சாமான் ஏத்துனேன் தம்பி. முப்பத்தஞ்சு வருசம். முதல்ல மீனம்பாக்கம், பொறவு மதுரை." பிறகு கைப்பேசியில் முகத்தைப் படம் பிடித்து, அவர் உயிரோடிருப்பதை ஊர்ஜிதம் செய்துகொண்டோம். அந்த முப்பத்தைந்து வருஷத்தில் விமானத்தோடு நின்று எடுத்த படம் அவரிடம் ஒன்றுகூட இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

இல்லாததற்குக் காரணம் உண்டு. 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 13-ஆவது விதி, விமான நிலையத்தில் அனுமதியில்லாமல் படமெடுப்பதைத் தடை செய்தது. பிரிட்டிஷார் போன பிறகும் விதி நின்றது. அயல்நாடுகளில் வேலிக்கு வெளியே ஏணி போட்டு நின்று விமானங்களைப் படமெடுப்பவர்கள் ஒரு தனி ஜாதி. இங்கே வேலியோரம் காமிராவோடு நின்றால் போலீஸ்காரர் வருவார். தொழிலாளியிடமோ காமிராவே கிடையாது. ஆகையால் நம் விமான நிலையங்களின் பழைய படங்களில் கணிசமானவை வழியில் இறங்கிய வெளிநாட்டு யாத்ரீகர்கள் தைரியமாகவோ அறியாமலோ எடுத்தவை. எங்கள் குழுவில் இப்படிப்பட்ட படங்களைத் தேடிச் சேர்ப்பவர் ஒரு மில் மேஸ்திரியின் மகன், இருபத்தாறு வயது. எந்தப் படத்தைக் காட்டினாலும் விமானத்தின் வகை, வி.டி. என்று தொடங்கும் அதன் பதிவெழுத்துகள், அது கடைசியில் எங்கே உடைக்கப்பட்டது என்பதெல்லாம் சொல்லிவிடுவார். அவருடைய அறிவை நான் மதிக்கிறேன். பாட பேதம் பார்ப்பவரின் சிரத்தை அது.

ஒரு ஞாயிறு அவர் கொண்டுவந்தது மதுரையில் 1970-களில் எடுத்த ஒரு ஸ்லைடின் பிரதி. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ 748, கான்பூரில் செய்த ரகம். விமானம் முழுசாக, பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில் நிற்கிறது. ஓரத்தில் காக்கி உடுப்பில் ஒரு ஆள் கையைத் தூக்கியபடி. இளைஞர் அந்த ஆளை வெட்டிவிட்டு ஆல்பத்தில் சேர்க்க இருந்தார். காமிராவைப் பார்த்துக் கையாட்டும் ஒரு ஆள், அவ்வளவுதான் என்பது அவர் அபிப்பிராயம்.

பெரியவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "கையாட்டல தம்பி. அந்தப் பக்கத்து விசிறி சுத்திக்கிட்டு இருக்கு பாருங்க, கம்பி தெரியல, வட்டமாத்தான் தெரியுது. பாட்டரி வண்டி கெட்டுப்போயிருக்கும். ரெண்டையும் அணைச்சா திரும்பக் கெளப்ப முடியாதுன்னு ஒண்ண ஓடவிட்டிருக்காக. எறங்குற சனம் அந்தப் பக்கம் போயிரக் கூடாதுன்னு இவன் மறிச்சு நிக்கான். சக்கரத்துக்குக் கட்டை வச்சவனும் இவன்தான்." பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆவ்ரோ, அதற்கு முந்திய வைக்கவுண்ட், ஃபாக்கர் மூன்றிலும் ரோல்ஸ் ராய்ஸின் டார்ட் என்ஜின்தான். ஊசி போல் காதில் இறங்கும் சத்தம். பஞ்சாலை வேலைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர் அங்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இன்று ஆண்குரல் கேட்கிறது, பேத்தி பேசுவது கேட்பதில்லை.

வெயிலைப் பற்றியும் சொன்னார். சூடு ஏற ஏறக் காற்று இலேசாகிவிடும். இறக்கைக்குத் தாங்குதல் குறையும், என்ஜினுக்கு வலு குறையும். டார்ட் என்ஜினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து பீய்ச்சி ஓரளவு ஈடுகட்டுவார்கள். அதுவும் போதாத சித்திரை மத்தியானங்களில், ஏற்றிய மூட்டையைத் திரும்ப இறக்கவேண்டி வரும். போயிங் 737-இன் வயிறு தரைக்குக் கிட்டத்தில் இருக்கும். சின்ன ஊர்களில் இயந்திரமில்லாமல் கையாலேயே ஏற்றலாம் என்று அப்படிச் செய்தது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, முழங்காலிலேயே நகர வேண்டும். அமெரிக்க என்ஜினியரின் அந்த வசதி அவருடைய முழங்காலில் இன்னும் இருக்கிறது.

1971 டிசம்பர் 9-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த ஓர் ஆவ்ரோ சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதி 21 பேர் செத்தார்கள். அவர் வேலையில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். வராத விமானத்துக்குத் தள்ளுவண்டியும் ஏணியும் தயாராக நிற்கும் ஒரு தரையை நான் யோசித்துப் பார்த்தேன். இளைஞர் அந்த விமானத்தின் பதிவெழுத்துகளைச் சொன்னார். இரண்டும் நினைவுதான்; ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

இங்கே நாம் உருவம், உள்ளடக்கம் என்று இதழ் இதழாகப் போட்ட சண்டை எனக்கு ஞாபகம் வருகிறது. படைப்புக்குள் இருப்பதை மட்டும் பார் என்பது ஒரு கட்சி. வாழ்க்கையிலிருந்து பார் என்பது மறு கட்சி. பெரியவர் படத்துக்கு வெளியே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசிறியின் மங்கல், தூக்கிய கை, இரண்டும் படத்துக்குள்ளேயே இருப்பவை. அவற்றைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது மட்டும் வேலை. இளைஞர் வெட்ட நினைத்தது படத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தற்செயலை அல்ல, படத்தின் அர்த்தத்தை. அந்த ஆள் போய்விட்டால் விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது; அழகாக நிறுத்திவைத்த பொம்மை ஆகிவிடும். லெ கொர்புசியேயின் கண்ணும் இதே கத்தரியைத்தான் வைத்திருந்தது.

இதை நான் சொன்னபோது பெரியவர் எனக்கு ஆதரவாக இல்லை. "வெட்டிப்புடுங்க. ப்ளேன் நல்லாத் தெரியட்டும். நாங்கதான் எங்கயும் நிப்பமே" என்றார். அது பணிவு அல்ல. அவருக்கும் விமானம் பிடிக்கும். அவர் பார்த்த உத்தியோகத்தின் பெயரே இன்று இல்லை. 1953-இல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து உண்டான ஸ்தாபனம் 2007-இல் ஏர் இந்தியாவில் கரைந்தது. 2022 ஜனவரியில் அது டாட்டாவிடம் போனது. தன் முகம் நிற்கவேண்டும் என்ற ஆசையைவிட, வாலில் அந்தப் பழைய சின்னத்தோடு விமானம் நிற்கவேண்டும் என்ற ஆசை அவருக்குப் பெரிது. உழைப்பாளியின் குரல் என்று நாம் எதிர்பார்த்து வைத்திருக்கும் வசனத்தை உழைப்பாளி பேசுவதில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. விமர்சனம் என்பது படத்தில் இருப்பவரின் சம்மதத்தைக் கேட்டு நடக்கும் காரியம் அல்ல.

அன்று அதுவரை பேசாமலிருந்தவர் திருச்சுழிப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஒன்பது வருஷம் சுமை ஏற்றிவிட்டு வந்தவர். அவரிடமும் படம் இல்லை, அங்கேயும் தடை. அவர் சொன்னார்: "பிரேதப் பெட்டி வரும் அண்ணாச்சி. சரக்குத் தாள்ல ஹெச்.யு.எம்.னு மூணெழுத்துப் போட்டிருக்கும். சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாதும்பாக. மேல ஒட்டியிருக்க விலாசத்தப் படிக்கவேண்டிய வேலை எங்களுக்கு இல்ல. ஆனாலும் படிப்போம். ராமநாதபுரம், விருதுநகர்னு இருந்தா நாலு பேருக்குப் பதில் ஆறு பேராப் பிடிப்போம். கனத்துக்காக இல்ல." யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர், சரியாகக் காதில் விழவில்லை என்று, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவர் இன்னொரு தரம் உரக்கச் சொன்னார்.

வெட்டாத பிரதி ஆல்பத்தில் சேர்ந்துவிட்டது. இளைஞர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. குறிப்பை நான் எழுத வேண்டும், ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. ஆவ்ரோ 748, மதுரை என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதன் கீழே நான் எழுதியிருப்பது: வலது என்ஜின் ஓடுகிறது, பயணிகளை மறித்து நிற்பவர், கட்டை வைத்தவர்.