டிக்ஸி நர்ஸின் குரல்

சனிக்கிழமை ராத்திரி என்றால் எங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் ‘எமர்ஜென்சி’தான். 1972இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். சைரன் சத்தம் கேட்டதுமே தம்பியும் நானும் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அவனுக்குத் தீயணைப்பு வண்டி. எனக்கு நர்ஸ் டிக்ஸி மக்கால். சுற்றி யார் பதறினாலும் அவர் குரல் மட்டும் ஏறாது. அம்மாவும் நர்ஸ். “வார்டுல இப்படித்தாண்டி பேசணும்” என்பாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி அலமாரியிலிருந்து ஒரு இசைத்தட்டை உருவி அட்டையைக் காட்டினார். திறந்த தோளும் செம்பட்டை முடியுமாக என் டிக்ஸி! பெயர் ஜூலி லண்டன். ஆண்ட்டி முள்ளை வைத்தார். கொஞ்சம் கரகரப்பு, பிறகு பார்னி கெஸலின் கிதார், அடியில் ரே லெதர்வுட்டின் பாஸ். வேறு வாத்தியமே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிரிந்துபோனவன் திரும்பி வந்து அழுகிறான். அவனிடம் கோபத்தைக்கூட மெல்லத்தான் சொல்கிறாள். ‘க்ரை மி எ ரிவர்’, 1955.

அந்தப் பாட்டை எழுதிய ஆர்தர் ஹாமில்டன் ஜூலியோடு பள்ளியில் படித்தவர். ஜாக் வெப் இயக்கிய படத்தில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடுவதற்காக எழுதியது, படத்தில் இடம்பெறவில்லை. ஜாக் வெப் ஜூலியின் முதல் கணவர். மணமுறிவுக்குப் பின் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவரைப் பாட வைத்து, அந்த ஆல்பத்தையும் தயாரித்தவர் பாபி ட்ரூப், பிற்பாடு இரண்டாம் கணவர். பல வருடம் கழித்து ‘எமர்ஜென்சி’யைத் தயாரித்த வெப், ஜூலியை நர்ஸாகவும் ட்ரூப்பை டாக்டராகவும் நடிக்க வைத்தார். இந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

ஜூலி பதின்வயதில் ஹாலிவுட்டில் ஒரு கடையில் லிஃப்ட் இயக்கியவர். 1944இல் கொரில்லா படத்தில் அறிமுகம். 1958இல் கேரி கூப்பருடன் ‘மேன் ஆஃப் த வெஸ்ட்’. நல்ல நடிகைதான். ஆனாலும் சினிமா அவர் முகத்தைப் பார்த்த அளவுக்குக் குரலைக் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். தன் குரல் சின்னது என்று அவரே சொல்வார், அதனால்தான் மைக்குக்கு அத்தனை பக்கத்தில் நின்றாராம். அந்த நெருக்கமே அவர் கலை.

2000 அக்டோபர் 18 அன்று காலமானார். முப்பதுக்குக் குறையாத ஆல்பங்கள் இருக்கின்றன. ‘ஜூலி இஸ் ஹெர் நேம்’ என்ற அந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதை மிஞ்சியது எதுவும் இல்லை.