துரையின் காரும் பிட்டரின் செவியும்

ஹட்டனுக்கு அப்பால், தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றின் தகரக் கொட்டகையில், இருவர் மட்டுமே அமரத்தக்க பச்சை நிறக் கார் ஒன்று நிற்கின்றது. எம்.ஜி. டி.சி. என்பது அதன் பெயர். உரிமையாளர் கொழும்பிலிருந்து ஆண்டிற் சில நாட்களே வருவார். ஏனைய நாட்களில் அதற்குத் துணை, தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற முதிய பிட்டர் ஒருவரே.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில், 1945 முதல் 1949 வரை, இவ்வகைக் கார்கள் ஏறத்தாழ 10,000 செய்யப்பட்டன. போருக்கு முந்திய அமைப்பையே சிறு மாற்றங்களுடன் தாங்கி வந்தமையால், இது பிறக்கும்போதே முதுமையுடன் பிறந்தது எனலாம். குறைகளோ பல. உடற்சட்டம் மரத்தாலானது, மலைநாட்டு ஈரத்தில் உளுத்துப்போகும். துணிக்கூரை மழையை முற்றாகத் தடுக்காது. வில்தகடுகள் விறைப்பானவை, தோட்டப் பாதையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் உறைக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் முதலாம் கியருக்கு மாற்றுவது எளிதன்று. 1,250 கன சென்றிமீற்றர் எஞ்சினின் வலு 54 குதிரைவலு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்று ஐதாதலின், அதிலும் ஐந்திலொரு பங்கு குன்றிவிடும்.

ஆயினும் அதனை விரும்புவோர் குறையவில்லை. எடை குறைந்த வண்டி. பாதையின் தன்மையைச் சுக்கானைப் பிடித்த கைக்கு உடனே உணர்த்துவது. மலைநாட்டில் நேர்வேகத்தினும் வளைவிற் காட்டும் திறனே மேலானது. 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் தொடங்கிய மலையேற்றப் போட்டியின் சாரமும் அதுவே. போட்டிகளில் ஓட்டியவர் பெயர் நிலைக்கும். வண்டியை ஓடச் செய்தவர் பெயர் நிலைப்பதில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் அகன்றனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. உதிரிப்பாகம் கிடையாத அக்காலத்தில், உளுத்த சட்டத்திற்கு உள்ளூர் மரத்தை இழைத்துப் பொருத்தியவர் அப்பிட்டரே. காருக்குப் பதிவிலக்கம் இருந்தது. அதனைப் பேணியவருக்கு நாடு இருக்கவில்லை. கார் உற்பத்தியில் இருந்த 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் பிரசையானார்.

இப்போது கார் விற்கப்படவுள்ளது. வாங்குபவர் அதனைக் காட்சிப்பொருளாக வைக்கக்கூடும். கடைசி முறையாக எஞ்சினைச் சீர்செய்ய அவர் கொட்டகைக்குச் சென்றபோது, உயர்தர வகுப்பிற் பயிலும் பேத்தியும் உடன் சென்றாள். எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்சவேண்டும். றப்பர்க் குழாயின் ஒரு நுனியை அவற்றின் வாயிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து இரைச்சலை ஒப்பிடுவதே அவருடைய முறை. அண்மைக்காலமாக அவர் செவி மங்கிவிட்டது. குழாயைப் பேத்தியிடம் நீட்டினார்.

அவள் இரண்டையும் மாறிமாறிக் கேட்டாள்.

"முன்னால இருக்கிறது கூட இரையுது, தாத்தா."

அவர் திருகாணியைச் சிறிது திருப்பினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

இரைச்சல் இரண்டும் ஒன்றானதும் அவள் தலையசைத்தாள். அவர் திருப்புளியை அவள் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் கேட்கச் சொன்னார்.