திருப்பத்தில் எழுந்த ஓசை

பண்டத்தரிப்புச் சந்தியில் காரை இடப்புறம் திருப்பும் வேளைகளிலெல்லாம், காய்ந்த மரக்கதவு திறப்பதைப் போன்ற ஒரு முனகல் முன்சில்லுப் பக்கமிருந்து எழும். நேர்வீதியில் அது இல்லை. வலப்புறம் திருப்பினாலும் அத்துணை இல்லை. அப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. முதுமையின் பெருமூச்சு என்று நானே ஒரு விளக்கத்தை வரித்துக்கொண்டு இரண்டு மாதங்களைக் கழித்தேன். ஆண்டுதோறும் மாணவர்க்கு உராய்வு பற்றி விரிவுரை ஆற்றுபவன் நான் என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்வது வெட்கத்துக்குரியதுதான். அம்மாவைச் சிகிச்சைக்காக அளவெட்டி வழியே தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு வாரந்தோறும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தமையால் விடுப்பெடுத்து ஊரில் நின்றேன். அந்தப் பயணங்களுக்கு இருந்தது இந்தக் கார் ஒன்றே.

யாழ்ப்பாணத்தாருக்கு மைனரை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த அவ்வண்டி, தான் பிறந்த நாட்டில் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் ஒஸ்ரின் கார்களோடு எங்கள் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பாட்டியையும் தையல் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு சனத்திரளின் நடுவே நடைவேகத்தில் ஊர்ந்ததும் இதே கார்தான்.

அக்காலமெல்லாம் அப்பா மாதத்தின் முதற் சனிக்கிழமையைக் காருக்கென்றே ஒதுக்கியிருந்தார். முன்சில்லுகளை ஒவ்வொன்றாக ஜாக்கில் உயர்த்தி, கிறீஸ் நிப்பிள்களைத் துணியால் துடைத்து, பழைய கறுத்த கிறீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதியதைச் செலுத்துவார். துடைப்பது விளங்கியது. உயர்த்துவது ஏன் என்று நான் கேட்டதில்லை. வயோதிபரின் சடங்கு என்றே எண்ணினேன். அவர் மறைந்தபின் நானும் கிறீஸ் அடித்தேன், ஜாக்கைத் தொடாமலே.

முனகலோடு ஒருநாள் 'டொக்' என்ற தட்டொலியும் சேரவே, சில்லாலையில் வசிக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். "இடப்பக்கச் சில்லுப் பெயறிங் போட்டுது போலக் கிடக்கு, அண்ணை" என்று தொடங்கினேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ, தம்பி. ஓட்டிக் காட்டுங்கோ."

சந்திவரை ஓட்டிக் காட்டினேன். திரும்பி வந்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, நின்றபடியே ஸ்ரியறிங்கைத் திருப்பச் சொன்னார். முனகல் அப்போதும் கேட்டது. சில்லு உருளாதபோதும் ஒலி எழுகிறதென்றால் பெயறிங்கை முதற் குற்றவாளியாக்க முடியாது. பின்னர் அவர் நான் சுட்டிய பக்கத்தை விட்டு வலப்பக்கம் சென்று குந்தினார். இடப்புறம் திரும்பும் வண்டியின் பாரம் வலப்பக்கச் சில்லின் மீதே சாயும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவனுக்கு அவர் எடுத்துச் சொல்லவில்லை; அது அவருடைய பெருந்தன்மை.

நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை உலோகத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எங்கள் ஊருக்கு இது புதிய காட்சியன்று என்று பட்டது. அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1819 இல் இலங்கை வந்து, பின்னர் பண்டத்தரிப்பிலேயே பல்லாண்டு நோயாளரைப் பார்த்தவர். குழாய் வழியே மார்பொலி கேட்டு நோயறியும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் நூலாக வெளியிட்டதும் அதே 1819 இல்.

அடுத்து வலப்பக்கச் சில்லை உயர்த்தி, அதன் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டொக்'. என்னைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினார். பிறேக் இறுகினால் பெயறிங்கின் ஆட்டம் அடங்கிவிடும், இது அடங்கவில்லை.

"கிங்பின்தான், தம்பி. கீழ்ப்பக்கம்."

மைனரில் முன்சில்லைத் தாங்கும் இந்தத் தண்டின் இரு முனைகளிலும் புரி வெட்டியிருக்கும். அவை மேலும் கீழும் உள்ள ட்றனியன் எனும் துண்டுகளுக்குள் திருகப்பட்டுள்ளன. காரைத் திருப்புந்தோறும் தண்டு அப்புரியிலேயே சுழல்கிறது. மசகின்றிப் புரி தேய்ந்தால் தண்டு ஒருநாள் கழன்று விலகும். சில்லு மடிய, வண்டி முன்புறமாகச் சரியும். கழற்றியதைக் கையில் தந்தார். கீழ்முனையில் புரி என்று சொல்லச் சில மங்கிய கோடுகளே மிஞ்சியிருந்தன. முந்திய கிழமை அம்மா பின்னாசனத்தில் கண்ணயர்ந்திருக்க அளவெட்டி வளைவுகளில் நான் விரைந்து வந்தது நினைவில் எழுந்தது.

"கிறீஸ் அடிச்சனான், அண்ணை."

"சில்லு நிலத்தில நிண்டபடியோ?"

அவ்வளவுதான் கேட்டார். காரின் பாரம் புரியின் ஒரு முகத்தை இறுக்கி அழுத்திக்கொண்டிருக்க, கிறீஸ் இலகுவான இடைவெளியால் வழிந்து வெளியேறிவிடும். தேய்கின்ற முகம் வறண்டே கிடக்கும். பாரத்தை நீக்கினால்தான் அது உள்ளே போகும்.

கொழும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் வந்துசேர மூன்று நாட்களாயின. அந்த வாரம் அம்மா ஓட்டோவில் போனார். இடப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தோம். அதுவும் தேய்ந்திருந்தது, எனினும் ஓசை எழுப்பவில்லை. இரண்டையும் மாற்றினோம். கடந்த சனிக்கிழமை கொட்டிலைத் துழாவி அப்பாவின் ஜாக்கை எடுத்தேன். அதன் திருகில் அவர் பூசிய கிறீஸ் இன்னும் காயாமல் இருந்தது.