ஆறு வோல்ட் வெளிச்சம்

இலக்கியம் படிக்க வருகிற அன்பர்களிடம் மோட்டார் சைக்கிளின் மின்னேற்றத்தைப் பற்றிப் பேசப் புகுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். பொறுத்தருள வேண்டுகிறோம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் பழைய நூல்களோடு காலம் தள்ளிவரும் நமக்கு, பழையதைக் காப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு விடை சென்ற ஆண்டு கிடைத்தது. கிடைத்த இடம் நூலகம் அன்று. மன்னார்குடியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை.

நம் தந்தையார் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1976-இல் அவர் வாங்கிய என்ஃபீல்ட் புல்லட் 350 இன்றும் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட கூட்டினால் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறியது. பிறந்த ஊரில் உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே நிற்கவில்லை. வலிமைக்குப் பேர்போன அவ்வண்டியில் தந்தையாரை வாட்டிய குறை ஒன்று உண்டு. நம்முடையதன் மின் அமைப்பு வெறும் 6 வோல்ட்.

பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று எவரேனும் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவர். தந்தையார் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வண்டி நிதானமாக ஓடும்போது முகப்பு விளக்கு அகல்விளக்கைப் போல் மினுக்கும். முறுக்கினால் சற்றுப் பிரகாசிக்கும். பள்ளம் வந்து வேகத்தைக் குறைத்தால், வெளிச்சம் எப்போது தேவையோ அப்போது மங்கிவிடும். 1989-இல் ஓர் இரவு வடுவூருக்கு அருகே, அரிக்கேன் விளக்குக் கட்டாமல் போன வைக்கோல் வண்டியின் மீது மோதிக் கால் முறிந்தது. அதன் பிறகு சாகும்வரை சாய்ந்தே நடந்தார். "வண்டிக்காரன் விளக்கு வைக்கலை" என்பார். தம் விளக்கைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

2014-இல் அவர் மறைந்தபின் வண்டியை நாமே ஓட்டி வந்தோம். சென்ற ஆண்டு மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு திரும்பிய ஒரு மாலை, சாலையில் காயப் போட்டிருந்த நெல்லுக்குக் காவலாகப் பக்கத்திலேயே படுத்திருந்த முதியவரைக் கடைசி நொடியில்தான் கண்டோம். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. அவர் எழுந்து திட்டினார். நியாயமான திட்டு. வீடு வரும்வரை மகள் நம் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து சென்னையிலிருக்கும் தம்பிக்குத் தெரிவித்தபோது அவன் கோபித்துக்கொண்டான். "அப்பா எப்படி வெச்சிருந்தாரோ அப்படியே இருக்கட்டும்ண்ணே. மாத்திட்டா அது அப்பா வண்டியே இல்ல" என்றான். அதை எளிதில் தள்ளிவிட நம்மாலும் இயலவில்லை. மூலபாடத்தில் கை வைக்காதே என்று மாணவர்க்குப் போதிக்கிற வாய் அல்லவா நமது!

எலக்ட்ரீஷியன் நமக்கு மூத்தவர். காயில் கட்டியே விரல் நுனி தேய்ந்தவர். இடப்பக்கச் சங்கிலிப் பெட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெயை வடித்துவிட்டுக் காட்டினார். இயந்திரத்தின் சுழல்தண்டு நுனியில் காந்தம் பொருத்திய ரோட்டார். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச்சுருள் ஸ்டேட்டர். காந்தம் சுழலச் சுழலச் சுருளில் மாறுமின்சாரம் பிறக்கும். ரெக்டிஃபையர் அதை ஒருதிசை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்பும்.

"இந்த காயில் 6 வோல்ட்டுன்னு யாரு சார் சொன்னா? பாட்டரிதான் 6 வோல்ட்டு. காந்தம் சுத்துற வேகத்துக்கு இது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போகும். பாட்டரி இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

மேலும் விளக்கினார். 35 வாட் விளக்கு 6 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் கேட்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியிலும் சுவிட்சிலும் வெப்பமாக வீணாவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் வண்டியிலோ வயர் வயதாகி, இணைப்புகளில் பச்சை பூத்து, விளக்கை அடையுமுன்பே மின்சாரம் களைத்துப் போயிருந்தது. தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலும் அதே பாட்டரியை நம்பித்தான் இருக்கிறது. விளக்கு மங்கும்போதெல்லாம் இயந்திரம் விக்கியதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

பழைய கையேடு இருந்தால் கொண்டுவரும்படி கேட்டார். தந்தையாரின் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது கையேட்டோடு ஒரு நாட்குறிப்பும் அகப்பட்டது. எந்த ஊர், யார் வீட்டுப் பசு, கன்று எப்படிக் கிடந்தது, பிழைத்ததா என்று நாள்தோறும் எழுதியிருந்தார். இடையிடையே வண்டிக் கணக்கும் இருந்தது. 1987-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில், "விளக்கு போதவில்லை. 12 வோல்ட் போட எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும்" என்ற வரி. அடுத்த மாதம், "பள்ளிக்கூடச் செலவு. விளக்கு பிறகு பார்க்கலாம்."

அந்தப் பள்ளிக்கூடச் செலவு எவருடையது என்று சொல்லத் தேவையில்லை. அப்பக்கத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினோம். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள், "மாத்திடுண்ணே" என்று மட்டும் வந்தது.

ஏடு பெயர்த்து எழுதியவனின் கைப்பிழையைப் புலவனின் சொல் என்று நம்பிப் போற்றுவது பதிப்புத் துறையில் நேர்கிற பிழை. நாமும் அதைத்தான் செய்திருந்தோம். தந்தையார் பொறுத்துக்கொண்ட குறையை அவருடைய விருப்பம் என்று எண்ணிக் காத்து வந்திருக்கிறோம்.

வேலை நான்கு நாள் நடந்தது. ஸ்டேட்டரின் இரும்புச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பூச்சுக் கருகியிருந்த பழைய கம்பியைப் பிரித்துவிட்டு, மெல்லிய கம்பியால் கூடுதல் சுற்றுகள் கட்டினார். குறைந்த வேகத்திலும் போதிய மின்னழுத்தம் கிடைக்க அதுவே வழியாம். பழைய ரெக்டிஃபையர் இருந்த இடத்தில், அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்த மின்னணுச் சாதனம் வந்தது. பாட்டரி, இக்னிஷன் காயில், ஹாரன், பல்புகள் யாவும் 12 வோல்ட்டுக்கு மாறின. புதிய வயரிங்கில் ஃபியூஸ் ஒன்று சேர்த்தோம். சட்டகத்தில் எர்த் கம்பி அமரும் இடத்தின் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்தார். பாதிக் கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பது அவர் அனுபவம்.

ஆசை மிகுந்து 60 வாட் விளக்குக் கேட்டோம். "வரவுக்கு மேல செலவு வெச்சா திரும்பப் பழைய கதைதான் சார்" என்று மறுத்து, 35 வாட் ஹாலஜனே போதும் என்றார். அம்மீட்டரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது அளப்பது மின்னோட்டத்தை. அழுத்தம் எதுவாயினும் அதற்குக் கவலையில்லை. முள் பழைய இடத்தில் பழையபடியே ஆடுகிறது. வண்டியை முறுக்கிப் பாட்டரி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 14.2 வோல்ட் காட்டியது. கழற்றிய பழைய உறுப்புகளைத் தந்தையாரின் எவர்சில்வர் ஊசிப் பெட்டியில் பெயரெழுதி வைத்திருக்கிறோம்.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். இரவு உணவுக்குப் பின் இருவருமாக வடுவூர்ச் சாலையில் போனோம். அந்த வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னான். வண்டி நின்ற நிலையில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு மங்கவில்லை. நாலைந்து புளியமரங்களுக்கு அப்பால்வரை சாலை தெரிந்தது.

"அன்னைக்கு இவ்வளவு தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது அவன் ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் தந்தையார் எழுதாமல் விட்டிருந்த முதல் பக்கத்தில், "12 வோல்ட் போட்டாயிற்று" என்று தேதியிட்டு எழுதினோம். எவ்வளவு ஆயிற்று என்பதையும் எழுதினோம். அவர் கேட்டிருந்தது அதைத்தானே.