மடக்கு நாற்காலியின் பூர்வோத்தரம்

பிரயாணம் போகிறவனுக்கு நாற்காலி எதற்கு, மரத்தடியில் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் போதாதா என்று என் சிநேகிதர்கள் கேட்பதுண்டு. முழங்கால் சொன்னபடி கேட்கும் பருவத்தினருக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் பழைய கோயில்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டு, வெயில் தாழும்வரை ஏதாவதொரு புளியமரத்தின் நிழலில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிற என் போன்றவனுக்கு, மடக்கித் தோளில் மாட்டிக்கொள்ளத் தக்கதும், விரித்து உட்கார்ந்தபின் நோட்டுப் புத்தகமும் காபித் தம்ளரும் வைப்பதற்கு ஒரு தட்டை முன்னால் திருப்பிக்கொள்ளத் தக்கதும், எழுந்திருக்கும்போது அதே தட்டைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடத் தக்கதுமான ஓர் ஆசனம் ஆடம்பரம் அன்று, அவசியம். கடைகளில் அப்படி விற்பவற்றில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி பரவாயில்லை, தட்டுத்தான், எழுதத் தொடங்கியவுடன் பேனாவோடு சேர்ந்து தானும் ஆடியது.

செய்துகொள்வதே மேல் என்று தீர்மானித்து, எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனேன். நான் போட்டுக்கொண்டு போன படத்தை அவர் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, மடங்குற சாமான்ல எல்லா மூட்டும் விட்டுக் குடுக்கணும். தட்டு நிக்கணும்னா ஒரு மூட்டுகூட விட்டுக் குடுக்கக் கூடாது. ரெண்டையும் ஒண்ணுல கேக்கறீங்களே” என்றார். அந்த வாக்கியம் என்னை வெகுநாள் விடவில்லை. இந்த முரண்பாட்டை முன்னோர் யாராவது எங்காவது தீர்த்திருக்க வேண்டும். தீர்த்தது எப்போது, எந்த ஊரில் என்று பார்த்துவிடலாமே என்று, பொருட்காட்சிச் சாலைகளின் விவரப் பட்டியல்களையும் பழைய தச்சு நூல்களையும் புரட்டத் தொடங்கினேன்.

மடக்கு ஆசனத்தின் வம்சாவளி நான் எதிர்பார்த்ததைவிட நெடியது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த, எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் மடக்கு முக்காலிகள் கிடைத்தன. குறுக்காகப் பின்னிய கால்களின் நுனிகளில் வாத்தின் தலை செதுக்கி, கருங்காலியில் தந்தம் இழைத்தவை அவை. ஐரோப்பாவின் வடபகுதியில், டென்மார்க்கில் குல்ட்ஹோய் என்னும் மேட்டைத் தோண்டியபோது 1891-ல் அதே அமைப்புள்ள ஓர் ஆசனம் அகப்பட்டது. சட்டம் ஆஷ் என்னும் மரம், இருக்கை நீர்நாயின் தோல். உடன் இருந்த சவப்பெட்டி மரத்தின் வளையங்களை எண்ணி அது கி.மு. 1389-ஐச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். ரோமாபுரியில் கான்ஸல் முதலிய பெரும் பதவியினருக்கே உரிய அதிகார பீடமும் குறுக்குக் கால் கொண்ட மடக்கு ஆசனந்தான். சீனத்தில் ஹான் வம்சத்து லிங் சக்கரவர்த்தி, வடக்கத்தி நாடோடிகளிடமிருந்து வந்த மடக்கு முக்காலியில் மோகம் கொண்டிருந்தார் என்று அந்நாட்டுச் சரித்திரம் சொல்கிறது. ஆக, படையெடுப்பிலும் வேட்டையிலும் காலம் கழித்தவர்கள் கண்ட யுக்தி, மூவாயிரம் ஆண்டுகளாக, இரண்டு குறுக்குச் சட்டம், நடுவே ஓர் அச்சு, மேலே ஒரு தோல் என்ற அதே சொரூபத்தில் நிலைத்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் பட்டது துட்டன்காமனுடைய ஒரு சிம்மாசனம். அதற்கும் மடக்கு முக்காலியின் குறுக்குக் கால்களும் வாத்துத் தலைகளும் உண்டு. இருக்கையில் மிருகத் தோலின் புள்ளிகள்கூட உண்டு. ஆனால் அந்தப் புள்ளிகள் கருங்காலியில் பதித்த தந்தத் துண்டுகள், கால்களோ அசையா. மடக்கு ஆசனத்தின் கௌரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மடங்கும் தன்மையை விட்டுவிட்டார்கள்! பதவி வந்தபின் வளைந்து கொடுப்பது குறைவென்று பட்டதோ என்னவோ.

இத்தனை ஆசனங்களில் ஒன்றில்கூடத் தட்டு இல்லை. மன்னனுக்கு எழுதுகிற வேலை எங்கே இருந்தது? எகிப்தில் எழுதியவன் கணக்கன். அவன் தரையில் சம்மணமிட்டு, இடுப்பாடையை முழங்கால்களுக்கு இடையில் விறைப்பாக இழுத்து, அதன் மீதே பாப்பிரஸ் சுருளை விரித்து எழுதினான். அவனுடைய சிலைகள் அந்தக் கோலத்திலேயே எத்தனையோ கிடைத்திருக்கின்றன. ஆசனம் ஒருவனுக்கும் எழுதுபலகை மற்றொருவனுக்குமாக இருந்த வரையில் இரண்டும் ஒட்ட வேண்டிய பிரமேயம் இல்லை.

தட்டின் வம்சாவளியைத் தேடியபோது நான் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விண்ட்ஸர் நாற்காலி என்று வழங்கும், மெல்லிய கடைசல் குச்சிகளால் முதுகு அமைந்த நாற்காலியின் வலக் கையை அகலமான பலகையாக விரித்து அங்குள்ள தச்சர்கள் செய்தார்கள். கனெக்டிகட்டில் லிஸ்பன் என்ற ஊரில் இருந்த எபனேசர் ட்ரேசி இதில் பெயர் பெற்றவர். பலகைக்கு அடியில் காகிதம் வைக்க ஓர் இழுப்பறையும் பொருத்திய நாற்காலிகள் அவர் பட்டறையிலிருந்து வந்திருக்கின்றன. நம் கல்லூரி வகுப்புகளில் மாணவர்கள் கிறுக்கி வைக்கும் கைப்பலகை நாற்காலி இதன் சந்ததிதான்.

பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்ஸன் வைத்திருந்த விண்ட்ஸர் நாற்காலி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1776 வாக்கில் பிலடெல்பியாவில் செய்த அந்த நாற்காலியின் இருக்கை இரண்டு பலகைகளாலானது. நடுவில் ஓர் இரும்பு அச்சு. இடையே, ஜன்னல் கதவைத் தூக்கி இறக்கும் சிறு கப்பிகள் உருளைகளாக ஓட, மேல் பலகை வட்டமாகச் சுழலும். கையில் எழுதுபலகையைப் பிற்பாடு சேர்த்தார். எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பார்ப்பதற்காகவே இந்த மனிதர் சுழலும் நாற்காலியில் உட்காருகிறார் என்று அரசியல் விரோதிகள் பரிகசித்தார்களாம். நான் தேடிய பொருளின் அருகில் வந்துவிட்டதாக எண்ணிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கவனித்தால், ஜெஃபர்ஸன் தட்டைத் திருப்பவில்லை, தம்மையே திருப்பிக்கொண்டார். நாற்காலியும் நகராத ஜாதி.

நாற்காலியின் கையை ஒட்டித் தனியே திரும்பும் ஓர் அங்கத்தைப் பிரத்தியட்சமாக நான் கண்டது நீலகிரியில் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் தாழ்வாரத்தில். தோட்டத் துரைமார்களின் சாய்வு நாற்காலியை நம்மவர் பலர் அறிவார்கள். இலங்கையிலும் கேரளத்திலும் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அதன் கைகளுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் நீண்ட சட்டங்களை வெளியே திருப்பினால், காலை நீட்டி வைத்துக்கொள்ளத் தாங்கியாகிவிடும். கயானாவில் இதே நாற்காலியை பெர்பீஸ் என்ற பிரதேசத்தின் பெயரால் வழங்குகிறார்கள். அந்தச் சட்டம் சுழல்வது ஒரே ஒரு முளையில். கைச்சட்டம் அதன் மேல் அமர்ந்து அமுக்குவதால், ஒரு மனிதனுடைய காலின் பாரத்தை ஏற்றாலும் அது தலைகுனிவதில்லை. திரும்பும் தட்டுக்கு நேரான முன்னோர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், எழுதுகிறவனுக்காக வந்த கைப்பலகையைவிட, தூங்குகிறவனுக்காக வந்த இந்தக் கால்தாங்கியையே நான் சொல்வேன்.

இனி மடக்கும் ஜாதிக்கும் சுழலும் ஜாதிக்கும் சம்பந்தம் பேச வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மடக்கு நாற்காலிகளுக்குப் பொற்காலம். ஜோஸப் பெவர்லி ஃபென்பி என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1877-ல் காப்புரிமை பெற்ற நாற்காலியில், கட்டைகள் இரண்டு திக்குகளிலும் குறுக்காகப் பின்னி, ஒரே கட்டாகக் குறுகிவிடும். கித்தானை நான்கு முனைகளில் மாட்டினால் ஆசனம் ஆயிற்று. 1938-ல் போனஸ் அயர்ஸில் மூன்று கட்டிடக் கலைஞர்கள் இரும்புக் கம்பியில் வளைத்த, வண்ணத்துப்பூச்சி என்று பெயர் பெற்ற நாற்காலி இதன் வழித்தோன்றல்தான். சௌகரியத்தில் அதற்கு ஈடில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் நேராக நிற்கும் கட்டை ஒன்றுகூட இல்லாதபோது தட்டை எங்கே நாட்டுவது? சினிமா டைரக்டர்கள் உட்காரும் நாற்காலியிலோ கைகள் இருந்தும் பயனில்லை. மடக்கும்போது இரண்டு கைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதால், தட்டு வெளிப்புறமாகத்தான் தொங்க முடியும். கைச்சட்டத்தின் கனமோ ஓர் அங்குலத்துக்கு மேல் இராது.

ஓர் அங்குலம் என்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தட்டின் நடுப்பகுதி சுழல்முளையிலிருந்து 12 அங்குலம் தள்ளி இருக்கிறது என்றும், தட்டும் அதன்மேல் உள்ளவையும் சேர்ந்து 2 கிலோ என்றும் கொள்ளுங்கள். முளை ஓர் அங்குல ஆழமே மரத்துக்குள் இறங்கியிருந்தால், துளையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அது நெம்பும் பலம் 24 கிலோவுக்குச் சமானம். ஐந்து அங்குலம் இறங்கியிருந்தால் 5 கிலோவுக்குள் அடங்கும். கடைச் சரக்கு ஆடியதன் ரகசியம் இவ்வளவுதான். தட்டு உறுதியாக நிற்க வேண்டுமானால் முளை நீளமாக வேண்டும். முளை நீளமாக வேண்டுமானால் அது இறங்குவதற்கு, செங்குத்தாக நிற்கும் ஒரு கனத்த கட்டை வேண்டும். மடக்கு நாற்காலியில் அப்படி ஒரு கட்டை எப்படி நிற்கும்?

விடை வட இந்தியாவில் உள்ள ரூர்க்கியில் இருந்தது. கங்கைக் கால்வாய் வெட்டுவதற்கு எஞ்சினியர்களைத் தயாரிக்க 1847-ல் அங்கே ஒரு கல்லூரி தோன்றியது. வங்கச் சாப்பர் என்னும் எஞ்சினியர் படையின் தலைமை இடமும் 1853 முதல் அதே ஊர். அங்கிருந்து, அந்த நூற்றாண்டின் இறுதியில், அவ்வூரின் பெயரையே தாங்கி ஒரு நாற்காலி புறப்பட்டது. அதற்கு முன் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பித்தளை மூலை அடித்த பீரோவையும் மேஜையையும் ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு முகாம் போனவர்கள். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் அந்த டாம்பீகமெல்லாம் செல்லாது என்று தெரிந்தபோது, இந்த இலகுவான ஆசனம் படையோடு போயிற்று.

ரூர்க்கி நாற்காலி மடங்குவதே இல்லை; கழன்றுவிடுகிறது! கடைசல் பிடித்த நான்கு கால்கள். அவற்றை இணைக்க நான்கு குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் நுனிகள் கூம்பாகச் சீவப்பட்டுக் கால்களில் உள்ள கூம்புத் துளைகளில் நுழைகின்றன. பசை இல்லை, ஆணி இல்லை. இருக்கை கித்தான், கைகள் வெறும் தோல் வார்கள், முதுகு ஓர் அச்சில் முன்னும் பின்னும் திரும்பி, சாய்கிறவனுடைய முதுகுக்கு ஏற்ப நின்றுகொள்ளும். காலியாக இருக்கும்போது தொட்டால் தளர்ந்து ஆடும் இந்த வஸ்து, மனிதன் உட்கார்ந்தவுடன் கித்தான் இழுக்க, கூம்புகள் துளைகளுக்குள் இறுகி, ஸ்திரமாகிவிடுகிறது. மேடு பள்ளமான தரையில் நான்கு கால்களும் தனித்தனியே இடம் தேடிக்கொள்ளும். டென்மார்க்கின் காரே கிளிண்ட் 1933-ல் செய்த ஸஃபாரி நாற்காலிக்கு இதுவே முன்மாதிரி. 1928-ல் லெ கார்புஸியே என்ற கட்டிடக் கலைஞரின் கூட்டத்தார் எஃகுக் குழாயில் செய்த ஊசல்முதுகு நாற்காலியைப் பார்க்கிறவர்களுக்கும் இதன் சாயல் புலப்படும். பெயர் தெரிந்த பெரிய கலைஞர்கள் செய்தவற்றைவிட, முகாமில் வியர்வை சிந்தியவர்கள் செய்த மூலமே சிறந்தது என்பது என் கட்சி.

எனக்கு வேண்டியதும் இதில் இருந்தது. ரூர்க்கியின் முன்கால் இருக்கையோடு நின்றுவிடுவதில்லை. தோல் வாரைத் தாங்குவதற்காக அதற்கு மேலும் ஒன்பது பத்து அங்குலம் செங்குத்தாக எழுகிறது. அதன் தலையில் மேலிருந்து துளையிட்டு, ஐந்து அங்குலம் இறங்கும் அரை அங்குல இரும்புக் கம்பியைத் தட்டின் மூலையில் பொருத்தினால், மடங்குவது, நிற்பது என்ற இரண்டு தர்மங்களும் மோதுவதில்லை. புறப்படும்போது கம்பியை உருவித் தட்டைத் தனியே எடுத்துக் கித்தானில் சுற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் ஆசாரி, “அப்படிச் சொல்லுங்க, கால்தான் தட்டுக்கும் கால்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தேக்கைக் கடைசலில் ஏற்றினார்.

துளையிட்ட தலை பிளக்காமலிருக்க, உலக்கைக்குப் போடுவதுபோல் ஒரு பித்தளைப் பூண் போட்டது அவருடைய யோசனை. மற்றொன்றையும் அவர்தான் கவனித்தார். ஆள் உட்கார்ந்ததும் கித்தானின் இழுப்பில் கால்களின் தலைகள் சற்றே உள்நோக்கிச் சாய்வதால், சரிமட்டமாகப் பொருத்திய தட்டு மடியின் பக்கம் வழிகிறது. ஆகவே உள்நுனியை அரை அங்குலம் தூக்கிப் பொருத்தினார். காலி நாற்காலியில் கோணலாகத் தெரியும் தட்டு, உட்கார்ந்தபின் மட்டமாகிவிடும்.

இதைச் செய்துகொள்ள விரும்புவோர் தேக்கையோ நன்றாக உலர்ந்த வேறு வைரம் பாய்ந்த மரத்தையோ எடுங்கள். காலின் தலை ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். தட்டின் விளிம்பில் பென்ஸில் உருளாதபடி ஒரு மெல்லிய சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாக்கிரதை மாத்திரம் தேவை. நாற்காலியின் கனம் 5 கிலோ, அகலம் 20 அங்குலம். தட்டைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி, அதன் கனமும் சேர்த்து 4 கிலோவுக்கு மேல் வைத்துவிட்டு எழுந்தீர்களானால், ஆளில்லாத நாற்காலி அந்தப் பக்கமே விழும்.